இரண்டாவது ஆட்டக்காரர்

ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்
தண்டவாளம் போகிற இடத்துக்குப் போகிறவள் நான்.
ரீகா நகரத்து டிராமில் ஸ்டியரிங் கிடையாது.
அதனால்தான், பன்னிரண்டு யூரோவுக்கு,
மேல் தளத்து இல்க்வார்ஸிடம்
பழைய கன்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன்,
இடம் என்றால் இடம் போகிற ஒரு காரை
ஓட்டிப் பார்க்க.

நடுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
வெள்ளை விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது,
நிலைத்தது.
திரையிலோ "தேடுகிறது" என்ற சொல்லும்
அதன் வாலில் மூன்று புள்ளியும்.
கிடைத்துவிட்டது என்கிறது விளக்கு.
யாரும் வரவில்லை என்கிறது கணினி.
இரண்டில் ஒன்று பொய்.

பேட்டரி மாற்றினேன்.
கணினியை அணைத்து, பத்து எண்ணி, எழுப்பினேன்.
பெட்டியின் முதுகில், இரும்புத் தகட்டுக்குப் பின்னால்
ஒளிந்திருந்த புளூடூத் குச்சியைப் பிடுங்கி
நீளக் கம்பியில் செருகி
ஜன்னல் கைப்பிடியில் தொங்கவிட்டேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைனஸ் பதினான்கு,
இந்தப் பக்கம் ஒரு நீலப் பொட்டு.
ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் இருந்தால் அலை குழம்பும்
என்றான் டிப்போவில் ஸான்டிஸ்.
அதையும் கழற்றினேன்.
மைக்ரோவேவும் எதிரியாம்.
ஜனவரியில், கோடைக்காரியைப் போல,
பீட்ரூட் சூப்பை ஆறிய வாக்கில் குடித்தேன்.

இரண்டாம் இரவும் அதே விளக்கு, அதே மூன்று புள்ளி.
ஆத்திரத்தில் எல்லாப் பொத்தானையும் அமுக்கி
குச்சியைப் பம்பரமாய்ச் சுழற்றினேன்.

மேலே நாற்காலி இழுபட்டது.
படியில் செருப்புச் சத்தம்.
கதவைத் திறந்தால் இல்க்வார்ஸ்:
காலுறை ஒன்று சாம்பல், ஒன்று பச்சை.
"மன்னிக்கணும் வீஸ்மா," என்றார்,
"என் டிராக்டரை ஏரிக்குள்ள இறக்கிட்டீங்க."

இரண்டு இரவாய் நான் அழுத்தியதெல்லாம்
கான்கிரீட் தாண்டி மேலே போயிருக்கிறது.
என் கையில் கிடந்தபடியே அது
அவர் கணினியைத்தான்
வீடு என்று நினைத்திருக்கிறது.

மேலே போய்ப் பார்த்தேன்.
அறுக்காத கோதுமை.
நீரில் பாதி நிற்கும் சிவப்பு டிராக்டர்.
மூலையில் ஒரு பட்டை:
இரண்டாவது ஆட்டக்காரர் இணைந்தார். ராய்டிஸ்.

"மகன். அயர்லாந்துல, மீன் தொழிற்சாலை. ஆறு வருஷமாச்சு."
பிறகு, திரையைப் பார்த்தே:
"நேத்து பதினோரு தடவை வந்தான்.
பதினோரு தடவை போனான்.
ஏதோ கோளாறுன்னு தெரியும்.
இருந்தாலும் எண்ணினேன்."

நான் என்ன சொல்ல.
ரிவர்ஸ் எந்தப் பொத்தான் என்று கேட்டேன்.

முன்னால் லாரியில் சங்கிலி கட்டி அவர் இழுக்க,
பின்னால், அவர் மகன் பெயரில், நான் தள்ள,
முக்கால் மணி நேரம் ஆனது கரையேற்ற.
கோதுமையில் பாதி நாசம்.
பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்று மறுபடி சொன்னார்.

அப்புறம் அமைப்புகள், சாதனங்கள், பட்டியல், நீக்கு.
நிச்சயமாகவா, என்று கேட்டது கணினி.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்ததையே துடைத்தார்.
"நீங்களே அழுத்துங்க.
பன்னிரண்டு யூரோ கொடுத்தது நீங்கதானே."

கீழே வந்து
இரண்டு பொத்தானைச் சேர்த்துப் பிடித்து
மூன்று வரை எண்ணினேன்.
விளக்கு படபடத்து அடங்கியது.
இம்முறை கணினியும் ஒப்புக்கொண்டது.
முதல் வளைவிலேயே இடம் என்றேன்.
போனது! சாலையை விட்டு, வேலியை உடைத்துக்கொண்டு,
யாருடையதோ ஒரு வயலுக்குள்.

கூரைக்கு மேல்
ஒற்றை டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது
வெகுநேரம்.

காலை ஐந்தே கால், முதல் டிராம்.
பாலத்தின் மேல் பனிமூட்டம்.
லீவரின் தலையில் என் கட்டைவிரல்
தானாக இடப்பக்கம் ஓர் அழுத்து அழுத்தியது.
டிராம் நேராகத்தான் போனது.
வேறு யார் வீட்டில்
என்ன திரும்பியதோ.